பரியின் கதி

தமிழில் ‘கதி’ என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. குதிரை நடக்கும் நடைக்குக் கதி என்று பெயர். ஓர் உயிருக்கு முடிவில் வந்து வாய்க்கும் நிலைக்கும் கதி என்றே பெயர். பழைய நிகண்டுகளும் பரிநூல்களும் குதிரையின் கதியை ஐந்தாக வகுத்து, மயிலின் நடையை ஒத்தது மயூரகதி என்றும், குரங்கின் தாவலை ஒத்தது வானரகதி என்றும், எய்த அம்பின் போக்கை ஒத்தது சரகதி என்றும் அழகுறப் பெயரிட்டன. ஆயின் அந்த ஐங்கதியையும் பயின்ற குதிரைக்கு இறுதியில் என்ன கதி வாய்த்தது என்னும் வினாவை நூல்கள் அவ்வளவு விரிவாக எழுப்பவில்லை. அவ்வினாவை எழுப்பியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். அதற்கு அவர்கள் கண்ட விடைகளும் தம்முள் மாறுபட்டவை. அம்மாறுபாட்டின் வரலாறு மன்னார்க் கடலின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது.

மன்னார் நகரிலிருந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வயல்களும் குளங்களும் சூழ்ந்த ஊர் உயிலங்குளம். அதற்குச் சில மைல் தொலைவிலேயே பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம் இருக்கிறது. அதனை ஒட்டிய மண்மேடுகளின் கீழே பழைய மாந்தைத் துறைமுகம் புதைந்து கிடக்கிறது. மாதோட்டம் என்று தமிழரும் மகாதித்த என்று பாளி நூல்களும் வழங்கிய பட்டினம் அதுவே. 1980-களின் முற்பகுதியில் அங்கு நடைபெற்ற அகழாய்வில் மேற்காசிய நாடுகளின் மெருகிட்ட மட்கலன்களும் சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. பாரசீகக் கடலிலிருந்து வந்த மரக்கலமும் கீழைக் கடலிலிருந்து வந்த மரக்கலமும் அங்கே பண்டம் மாற்றிக்கொண்டன என்பதற்கு அவை சான்று. மாந்தையில் இறங்கிய பண்டம் அனுராதபுரம் சென்று சேர, அருவியாற்றுப் படுகையை ஒட்டிய இந்நிலத்தையே கடக்க வேண்டியிருந்தது. இன்று நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஓடும் இத்திக்கில், ஒரு காலத்தில் கடற்பயணத்தில் இளைத்துப்போன குதிரைகள் நடத்திச் செல்லப்பட்டிருக்க வேண்டும்.

இது வெறுங் கற்பனையன்று. இலங்கை வரலாற்றில் அனுராதபுரத்தை ஆண்ட முதல் தமிழ் அரசர்களாக மகாவமிசம் குறிப்பிடும் சேனன், குத்திகன் என்னும் இருவரும், குதிரைகளை மரக்கலத்தில் ஏற்றிவந்த வணிகன் ஒருவனின் மைந்தர்கள். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூரதிச்சனை வென்று அவர்கள் 22 ஆண்டு நீதியுடன் ஆண்டனர் என்று அந்நூல் கூறுகிறது. குதிரை விற்றவன் வீட்டுப் பிள்ளைகள் அரியணை ஏறினர் என்றால், குதிரை வாணிகத்தில் எத்துணைப் பொருளும் ஆற்றலும் திரண்டிருந்தன என்பது விளங்கும்.

அதன்பின் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு கழித்து, கி.பி. ஆறாம் நூற்றாண்டின் நடுவில், காசுமாசு என்னும் கிரேக்க நூலாசிரியர் இலங்கையைப் பற்றி எழுதினார். இலங்கை வேந்தன் பாரசீகத்திலிருந்து வரும் குதிரைகளை விலைக்கு வாங்குகிறான் என்றும், அவற்றைக் கொண்டுவரும் வணிகரிடம் சுங்கம் வாங்குவதில்லை என்றும் அவர் குறித்தார். யானை இந்நாட்டின் காட்டிலே கிடைத்தது. குதிரையோ கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. அரிதாக வருவதற்கு அரசு சலுகை வழங்குவது இயல்பே.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் தமிழில் பொறித்த கல்வெட்டு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஊராத்துறையில் வந்து சேரும் வெளிநாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்று கூறும் அக்கல்வெட்டு, மரக்கலம் உடைந்தால் என்ன செய்வது என்றும் விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால், மீட்ட பொருளில் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மற்ற மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு பண்டம் ஏற்றி வந்த கலமானால், பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. குதிரை கொண்டுவருபவன் நட்டப்படக் கூடாது என்பதில் அரசன் கருத்தாக இருந்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. காசுமாசு கண்ட சலுகையும் கல்வெட்டு வகுத்த விதியும் குதிரை வணிகனின் நலத்தைப் பற்றியவை. கலத்தில் வந்த குதிரையின் நலம் அவற்றுள் இடம்பெறவில்லை.

அக்கரையிலும் நிலைமை இதுவே. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையும் ஈழத்து உணவையும் ஒரே துறையில் ஒருங்கு காட்டுகிறது. அரிமர்த்தன பாண்டியன் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பிய அமைச்சர் வாதவூரர், திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்டு மாணிக்கவாசகர் ஆன கதையை அறியாத தமிழர் இல்லை. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. அரசன் இழந்த பொன்னையும், அமைச்சர் பட்ட துன்பத்தையும், இறைவன் செய்த அருளையும் கதை கேட்போர் நினைக்கின்றனர். இலாயத்தில் கட்டுண்டு நின்றபடி கடிபட்ட குதிரைகளின் பக்கம் எவர் நினைவும் செல்வதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறியது. மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில், தாமிரபருணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல், அப்போது பாண்டி நாட்டின் தலைமைத் துறைமுகம். அங்கு வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றி இருவர் எழுதி வைத்தனர். ஒருவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் வாசாபு என்னும் பாரசீக வரலாற்றாசிரியர். குதிரையின் விலையை மட்டும் எழுதாமல், வந்த குதிரைகள் ஏன் மாண்டன என்றும் இருவரும் ஆராய்ந்தனர் என்பதே அவர்தம் எழுத்தின் சிறப்பு.

வாசாபு தரும் கணக்கு வியப்பூட்டுவது. கீசுத் தீவின் தலைவனான சமாலுதீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தான். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். பாண்டி நாட்டுக்கும் காம்பே முதலிய பிற துறைகளுக்கும் முன்னர் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் எழுதுகிறார். வழியிலே குதிரை இறந்துபோனாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலம் கொடுத்துவிடும் என்பதும் அந்த உடன்படிக்கையில் அடங்கும். மார்க்கோ போலோவும் ஏறத்தாழ இவ்வளவே சொல்கிறார். பாண்டி நாட்டை ஆண்ட உடன்பிறந்தார் ஐவரும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். நூறு என்பது பயணியின் மிகைக்கூற்றாக இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் புதுக்குதிரை வாங்கவேண்டியிருந்தது என்பதில் இருவரும் ஒருமிக்கின்றனர்.

காரணம் என்ன என்பதிலேதான் கருத்து வேறுபாடு. மார்க்கோ போலோவின் கருத்துப்படி, குதிரைகள் மாண்டது பேணத் தெரியாமையால். இந்நாட்டார் குதிரைக்குச் சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் ஊட்டுகின்றனர். குளம்பைப் பார்க்கவும் நோயைத் தீர்க்கவும் வல்ல இலாடக்காரர் இங்கு இல்லை என்றார். அதற்கும் மேலாக அவர் ஒரு குற்றச்சாட்டைச் சொன்னார். குதிரை விற்கும் வணிகர்கள் அத்தகைய இலாடக்காரரைத் தம்முடன் அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டும் விற்பனை உண்டு என்பது அவர்கள் எண்ணம் என்றார்.

வாசாபுவின் கருத்து வேறு. அவர் உணவோடு பயிற்சியையும் குற்றம் கூறினார். வந்த குதிரைகளைக் கொழுக்கவைக்க வேண்டி நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் அசையவிடாமல் கட்டி வைக்கின்றனர். வறுத்த தானியத்தையும் நெய் கலந்த பயற்றையும் ஊட்டிக் காய்ச்சிய பாலைக் குடிக்கவைக்கின்றனர். பின்னர் முறையாகப் பழக்காமலே, ஏறுபடி முதலிய கருவிகளும் இன்றி, வீரர் ஏறி வெறிகொண்டவர் போல் விரட்டுகின்றனர். சாட்டை வேண்டாமலே காற்றெனப் பறந்த குதிரை சில காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போகிறது என்றார். இந்நாட்டின் தட்பவெப்பமும் அவற்றுக்கு ஒவ்வாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

இவ்விருவர் கூற்றையும் படித்த பிற்காலத்தார் பலர், தமிழருக்குக் குதிரை வளர்ப்பே தெரியாது என்று எளிதாக முடிவு கட்டினர். அம்முடிவு சரியன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைத் தலைவனின் கடமைகளுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. குதிரை நாளொன்றுக்கு எவ்வளவு தொலைவு போகலாம், கொட்டில் எப்படி அமைய வேண்டும், எந்த நடையை எப்படிப் பயிற்ற வேண்டும் என்றெல்லாம் அது வரையறுக்கிறது. வட்டமாகச் சுற்றுதல், மெல்லெனச் செல்லுதல், தாவுதல், விரைந்தோடுதல், குறிப்பறிந்து நடத்தல் என ஐந்து வகைப் பயிற்சியை அது கூறும். அன்றியும் தலையாய குதிரைக்கு உரிய உணவாக அது விதிப்பவற்றுள், நெல் அல்லது வாற்கோதுமை, வேகவைத்த பயறு, எண்ணெய், உப்பு, தயிர் என்பவற்றோடு இறைச்சியும் உண்டு. மார்க்கோ போலோ கண்ட சோறும் இறைச்சியும் அறியாமையால் வந்தவை அல்ல. நூல்வழி வந்த மரபின் எச்சமாகவே அவை தோன்றுகின்றன. மருத்துவன் குதிரையைப் பேணாது கொன்றான் என்று போலோ கருதிய இடத்தில், மருத்துவன் தன் நூலை நம்பியே நடந்திருக்கக்கூடும்.

ஆயின் நூலை நம்பி நடந்தமையால் குதிரை பிழைத்துவிடுமா? இன்றைய கால்நடை மருத்துவம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. குதிரை மாட்டைப்போல் அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கே அதன் குடல் அமைந்துள்ளது. மாப்பொருள் மிகுந்த தானியத்தை வேளைக்கு வேளை நிறைய ஊட்டினால், செரியாத பகுதி பெருங்குடலில் சென்று புளிக்கும். அதனால் உயிரைக் குடிக்கும் வயிற்றுவலி உண்டாகும்; குளம்பினுள் அழற்சி தோன்றி நடக்கமுடியாமற் செய்யும். உழைப்பின்றிக் கட்டிவைத்துக் கொழுக்கவைத்த குதிரையைத் திடீரென விரட்டினால் தசைகள் இறுகிச் சிதைவதும் உண்டு. ஆகவே உணவைக் குறைகூறிய போலோவும், பயிற்சியைக் குறைகூறிய வாசாபுவும் ஆளுக்கொரு பாதியைச் சரியாகவே கண்டனர். வெப்ப நாடுகளில் கடிக்கும் ஈக்கள் பரப்பும் ‘சர்ரா’ என்னும் குருதி நோயின் நுண்ணுயிரை 1880-ஆம் ஆண்டில்தான் கிரிபித் எவன்சு பஞ்சாபில் கண்டறிந்தார். அத்தகைய நோய்க்கு அரபு இலாடக்காரனும் பாண்டி நாட்டு மருத்துவனும் ஒருங்கே கையற்று நின்றிருப்பர்.

எனினும் போலோ கூறியதில் உணவைவிட ஆழமான செய்தி அந்த வணிகரைப் பற்றியது. குதிரை செத்தால் யாருக்கு நட்டம்? இவ்வினாவுக்கு விடை கண்டால், அதன் கதி ஏன் அவ்வாறாயிற்று என்பதும் புலனாகும். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான். ஆகவே மரக்கலத் தலைவனுக்கு நட்டமில்லை. கரையில் செத்த குதிரைக்கு ஈடாக அடுத்த ஆண்டு வேறு குதிரை விற்கலாம். ஆகவே வணிகனுக்கும் நட்டமில்லை. வீரன் ஏறியது தன் குதிரையன்று, அரசன் குதிரை. ஆகவே அவனுக்கும் நட்டமில்லை. நட்டம் அரசனது கருவூலத்தில் விழுந்தது. கருவூலத்தை நிரப்பிய வரியாக வந்தமையால், இறுதியில் குடிகள் தலையில் விழுந்தது. குதிரையின் அருகில் நின்றவர் எவரும் அதன் சாவினால் எதையும் இழக்கவில்லை.

இதே முறை பிற்காலத்திலும் தொடர்ந்தது. விசயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன், ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்ற விலையில், உயிரோடு வந்ததையும் செத்ததையும் ஒன்றாகவே வாங்கினான் என்று போர்த்துக்கேய வணிகரான நூனிசு எழுதியுள்ளார். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும். முழு விலை கிடைக்கும். குதிரை வணிகர் மனம் தளராமல் மேலும் மேலும் கொண்டுவர வேண்டும் என்பதே அரசன் நோக்கம். வாலுக்கு விலை கிடைக்கும்போது, வாலோடு கூடிய உயிருக்குத் தண்ணீர் ஊற்ற மாலுமிக்கு எவ்வளவு அக்கறை இருந்திருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறானது அர்த்தசாத்திரத்தின் விதி. மருத்துவத்தில் கவனக்குறைவால் குதிரையின் நோய் முற்றினால், மருத்துவச் செலவைப் போல் இருமடங்கு தண்டம்; மருந்தின் பிழையால் கேடு விளைந்தால், குதிரையின் விலையளவு தண்டம் என்று அது கூறுகிறது. அருள் பேசுவதாகத் தோன்றாத அந்நூல், குதிரையின் வாழ்வைப் பேணுபவனின் மடியோடு பிணைத்துவிட்டது. பரிவு தானே பிறவாத இடத்தில், பொறுப்பையாவது பிறப்பிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பாண்டியரிடமும் விசயநகரத்தாரிடமும் பொன் இருந்தது, இப்பொறுப்பு இல்லை.

மன்னார்க் கடலுக்குப் போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் வந்தபோது, குதிரைக்கு வேறொரு கதி ஏற்பட்டது. போர்த்துக்கேயர் 1560-இல் மன்னார்க் கோட்டையைக் கட்டினர். 1658-இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. வெளிநாட்டிலிருந்து குதிரை கொணர்வதோடு நில்லாமல், நெடுந்தீவின் பரந்த புல்வெளியில் குதிரைகளை வளர்க்கவும் அந்நியர் முயன்றனர். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் நோலன் என்னும் படைத்தலைவர் அப்பண்ணையை நடத்தினார். பின்னர் அந்தப் பண்ணை கைவிடப்பட்டது. குதிரைகள் தீவிலேயே தங்கின. முருகைக்கல் வேலிகளும் பனைகளும் உள்ள அத்தீவில், உரிமையாளர் இன்றி, சேணம் இன்றி, கடிவாளம் இன்றி அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் திரிகின்றன. காயலில் இறங்கிய குதிரை அளவுக்கு மீறி ஊட்டப்பட்டுச் செத்தது. நெடுந்தீவுக் குதிரையோ கோடையில் தண்ணீரின்றி வாடுகிறது. காட்டுயிரைப் போல் அவற்றை இயற்கையின் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பார் ஒருசாரார். மனிதன் கொண்டுவந்து விட்ட உயிருக்கு மனிதனே தண்ணீர்த் தொட்டி கட்டவேண்டும் என்பார் மற்றொரு சாரார். 2015-ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மன்னார்த் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளைப் பற்றியும் இவ்வாறே இரு கருத்துகள் உண்டு. சுமை தூக்கிய காலம் முடிந்தபின், நெடுந்தெருவில் வாகனம் மோதிக் கால் முறிந்து கிடந்த கழுதைகளுக்கு அண்மைக் காலத்தில் மன்னாரில் மருத்துவ நிலையம் ஒன்று ஏற்பட்டமை நல்ல செய்தி.

போர் முடிந்த காலத்தில் குதிரையின் நடை போட்டிக்கு உரியதாயிற்று. நுவரெலியாவிலும் கொழும்பிலும் ஆங்கிலேயர் பந்தயத் திடல்கள் அமைத்தனர். 1893-இல் திறக்கப்பட்ட கொழும்புத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாயிற்று. 1950-களில் அங்குப் பந்தயம் ஓய்ந்தது. நுவரெலியாவில் அது நிலைத்தது. உயிலங்குளம் போன்ற உழவர் ஊர்களில் குதிரை இல்லை. ஆனால் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்களில் மாட்டுவண்டிச் சவாரி உண்டு. சூடு மிதித்து முடிந்த வயற்புறத்தில், இரு சோடி எருதுகள் புழுதி பறக்கப் பாயும்போது, கரையில் நிற்கும் கிழவரும் இளைஞராகி ஆரவாரிப்பர். சவாரி மாட்டைப் பிள்ளையைப்போல் வளர்ப்பவர் பலர்; குளிப்பாட்டி, முட்டையும் உளுந்தும் ஊட்டி, தாம் உண்ணுமுன் அதற்கு வைப்பவர் உண்டு. அதே திடலில், வெற்றிக் கோடு நெருங்கும்போது கூர்நுனிக் கம்பால் குத்துவதும் வாலை முறுக்குவதும் நிகழ்ந்தமையும் உண்மை. அன்பும் வதையும் ஒரே கையினின்று வருவதே இத்துறையின் வியப்பும் துயரமும் ஆகும்.

இலங்கையில் விலங்குவதையைத் தடுக்க 1907-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எழுந்தது. அதில் எழுதப்பட்ட தண்டப்பணத்தின் உச்ச அளவு நூறு ரூபா. அக்காலத்தில் அது ஒரு காளையின் விலையை எட்டக்கூடிய தொகை. காலம் செல்லச் செல்ல, ஒரு நேரச் சாப்பாட்டின் விலையாகச் சுருங்கியது. விலங்கின் விலையே தண்டத்தின் அளவு என்று விதித்த பழைய நூல், பணத்தின் மதிப்பு மாறினும் தன் கூர்மையை இழக்காதபடி எழுதப்பட்டிருந்தது என்பது இங்கு எண்ணத்தக்கது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றம் ஏறுதழுவலையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்துத் தீர்ப்பளித்தது. பசியும் தாகமும் இன்மை, இடர்ப்பாடு இன்மை, வலியும் காயமும் நோயும் இன்மை, அச்சமும் துயரும் இன்மை, தன் இயல்புப்படி ஒழுகும் உரிமை என்னும் ஐந்து விடுதலைகளை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். இங்கிலாந்தில் 1965-இல் பிராம்பெல் குழு அளித்த அறிக்கையில் வேரூன்றி, 1979-இல் வடிவம் பெற்ற கொள்கை அது. 2017-இல் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டனர். அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் ஐவர் கொண்ட அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. மரபு அழிந்தால் நாட்டு மாட்டினமே அழியும் என்றனர் ஒருசாரார். வலியின்றி நடவாத மரபு எத்துணைப் பழமையானதாயினும் நிலைக்கத்தக்கதன்று என்றனர் மற்றவர். முதல் சாரார் இனத்தின் நலத்தைப் பேசினர். இரண்டாம் சாரார் அந்தத் திடலில் அன்று நின்ற ஒரு காளையின் நலத்தைப் பேசினர். இரண்டும் நலமே, ஆயினும் ஒன்றல்ல.

நடைக்கென்றே வளர்க்கப்படும் குதிரைகள் உள்ள நாடுகளில் இவ்வழக்கு இன்னும் கூர்மையாக நடைபெறுகிறது. இராசத்தானத்து மார்வாரிக் குதிரைக்கு ‘ரேவால்’ என்னும் மெத்தென்ற நடை பிறவியிலேயே வாய்ப்பதுண்டு. பாலை மணலில் ஏறியிருப்பவனின் உடல் குலுங்காது. ஐசுலாந்துக் குதிரைக்கும் அவ்வாறே ‘தோல்ட்’ என்னும் நடை உண்டு. அமெரிக்காவின் தென்னசி மாநிலத்து நடைக்குதிரையும் மெத்தென நடப்பதே. பண்ணை உரிமையாளர் நாள் முழுதும் ஏறித் தோட்டம் சுற்றுவதற்காக வளர்த்த இனம் அது. ஆனால் 1950-களில் போட்டி மேடைகளில் முன்னங்காலை மார்புவரை தூக்கி வைக்கும் நடைக்குப் பரிசு கிடைக்கத் தொடங்கியது. அந்நடையை விரைவில் வருவிக்கச் சிலர் குதிரையின் கணைக்காலில் கடுகெண்ணெய் முதலிய எரிபொருளைத் தடவிப் புண்ணாக்கி, அதன்மேல் சங்கிலி பூட்டினர். நிலத்தில் கால் பட்டவுடன் எரிச்சல் தாங்காமல் குதிரை காலை உயர்த்தியது, கண்டவர் கைதட்டினர். இதைத் தடுக்க 1970-இல் அமெரிக்கப் பேரவை குதிரைக் காப்புச் சட்டத்தை இயற்றியது. நேர்மையாகப் பயிற்றுவோரையும் சட்டம் துன்புறுத்துகிறது என்று பயிற்சியாளர் சிலரும், சட்டம் போதாது என்று விலங்கு மருத்துவரும் இன்றளவும் வாதிடுகின்றனர்.

இவ்வழக்குகளையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கினால், ஒன்று புலப்படும். குதிரைக்குக் கேடு விளைத்தது எங்கும் வெறுப்பு அன்று. பாண்டியன் குதிரையை வெறுக்கவில்லை. பொன்னைக் கொட்டி வாங்கினான். பாலும் நெய்யும் ஊட்டிய குதிரைக்காரனும் அதை வெறுக்கவில்லை. தென்னசியில் கைதட்டியவரும் அதன் அழகை விரும்பினவரே. விலங்கின் வலி ஒருவனுக்கு ஊதியமாகவோ பரிசாகவோ மாறும்போது, விருப்பம் இருந்தும் கண் மறைந்துவிடுகிறது. ஆகவே ‘நீ விலங்கை நேசிக்கிறாயா?’ என்னும் கேள்வியால் பயனில்லை. எல்லாரும் ஆம் என்பர். ‘அது துன்புற்றால் உனக்கு வரவா, செலவா?’ என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நடுவர் உயர்த்திய காலுக்குப் புள்ளி கொடுத்தால் கால் புண்ணாகும். புண்ணைக் கண்டவுடன் போட்டியிலிருந்து நீக்கினால் கால் ஆறும். கம்பில் ஆணி உண்டா என்று வண்டி புறப்படுமுன் பார்க்கும் சவாரிக் குழுவின் திடலில், எருதின் உடல் குருதி சிந்துவதில்லை.

மாந்தையின் மேடுகளில் இன்று மரக்கலம் இல்லை. அங்கு இறங்கிய குதிரைகளின் குளம்படியும் இல்லை. அவற்றைக் கொணர்ந்த வணிகரின் பெயரும், வாங்கிய வேந்தரின் பெயரும், கொடுத்த விலையும் ஏட்டிலும் கல்லிலும் இருக்கின்றன. அவை எவ்வாறு வாழ்ந்தன என்பதைப் போகிற போக்கில் எழுதிச் சென்ற அயலார் இருவரே நமக்குச் சொல்லினர். அடுத்த தலைமுறை இக்காலத்துச் சவாரித் திடலைப் பற்றி அறிய விரும்பினால், வென்றவர் பெயர்ப் பட்டியலோடு, வென்ற எருது அன்று மாலை எவ்வாறு வீடு திரும்பியது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கதி என்னும் சொல்லின் இரு பொருளும் அப்போதுதான் நிறைவுறும்.